பொய்யீத் தூண்டில்: மூங்கிற் கோலும் காபன் கோலும்

தூண்டிலால் மீன் பிடித்தல் உணவு தேடும் முயற்சியாகத் தோன்றிக் காலப்போக்கிற் சில நாடுகளிலே ஒரு கலையாகவும் வளர்ந்துள்ளது. அக்கலையின் வகைகளுள் மிக நுட்பமானதெனக் கருதப்படுவது பொய்யீத் தூண்டிலாகும். உண்மையான இரை எதனையும் முள்ளிற் கோக்காது, இறகு, உரோமம், பட்டிழை என்பவற்றை முள்ளின்மேற் சுற்றி ஓர் ஈயின் தோற்றத்தை உண்டாக்கி, அதனை ஓடும் நீரின்மேல் மெல்ல வீழ்த்தி, ட்ரவுட் முதலிய நன்னீர் மீன்களை ஏமாற்றிப் பிடிப்பதே இதன் இயல்பு. இதனைப் பயில்வோரிடையே நெடுநாளாக நிலவிவரும் வாதம் ஒன்றுண்டு. மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த பழைய கோல் சிறந்ததா, காபன் நாராற் செய்த புதிய கோல் சிறந்ததா என்பதே அது. மேற்போக்காக நோக்குவோர்க்கு இது பழைமை விரும்பிகளுக்கும் புதுமை விரும்பிகளுக்கும் இடையேயுள்ள வழக்கமான பூசலாகத் தோன்றும். ஆயினும் ஒரு கருவி திருந்தும்போது அதனைக் கையாளும் இன்பமும் உடன் வளர்கின்றதா, அன்றி ஓரிடத்தில் வளர்ந்து வேறோரிடத்திற் குறைகின்றதா என்னும் வினா இவ்வாதத்தினுள் அடங்கியிருத்தலின், அது நமது ஆராய்ச்சிக்கும் உரியதாகின்றது.

முதலில் எறியும் முறையை அறிதல் வேண்டும். நம்மூர்க் குளக்கரையிலும் கடனீரேரிக் கரையிலும் தூண்டிலிடுபவன் நூலின் நுனியில் ஈயக் கட்டியொன்றைக் கட்டி வீசுகின்றான். கட்டி முன்னே பறக்க, நூல் அதன்பின் இழுபட்டுச் செல்கின்றது. பொய்யீக்கோ நிறை என்பது இல்லையென்றே கூறலாம்; கையால் வீசினாற் காலடியிலேயே விழும் இறகுத் துண்டு அது. ஆதலின் இம்முறையில் நிறையைச் சுமப்பது எறிநூலேயாகும். அது தடித்ததாகச் செய்யப்பட்டு, நுனியில் ஏறக்குறைய ஒன்பது அடி நீளமான மெல்லிய தங்கூசி இணைக்கப்பட்டு, அத்தங்கூசியின் முடிவிலே பொய்யீ கட்டப்படும். மாட்டுவண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடியிற் பிறந்த வளைவொன்று நுனிவரை ஓடி மறைவதைக் கண்டிருக்கின்றோம். எறிநூலும் அவ்வாறே வளையமாகச் சுருண்டு, காற்றில் உருண்டோடி, ஈற்றில் நேராக விரிந்து, தங்கூசியையும் ஈயையும் நீரின்மேற் கிடத்துகின்றது.

இதனைச் செய்யுமிடத்துக் கோலின் பணி இருவகைப்படும். அது கையின் அசைவைப் பெருக்கும் நெம்புகோல். அதனோடு சத்தியைச் சேமித்து மீட்டளிக்கும் வில்லுமாகும். எறிபவன் நீரிற் கிடக்கும் நூலை உயர்த்திப் பின்னோக்கி எறிகின்றான். நூல் அவன் முதுகுப்புறத்தே விரிந்து நேராகும்வரை கை அசையாது காத்திருத்தல் வேண்டும். விரிந்து முடியும் அக்கணத்தில் முன்னோக்கி எறிந்தால், நூலின் நிறை கோலை வளைக்கும். கை திடீரென நிற்கக் கோல் நிமிரும். நிமிரும் விசையால் நூல் முன்னே பாயும். காத்திருப்புக் குறைந்தால் நூல் சாட்டைபோற் படீரென ஒலித்து ஈயைப் பறிகொடுக்கும். கூடினால் நூல் தளர்ந்து பின்னுள்ள புல்லிலும் புதரிலும் சிக்கும். தொடக்கத்திற் கற்போர் அனைவரும் வலிமை போதாதென்று எண்ணிக் கையை ஓங்குவர். குறைவது வலிமையன்று, பொறுமை. அந்தக் காத்திருப்பின் அளவைக் கைக்கு உணர்த்துவது கோலின் வளைவேயாதலால், கோல் எதனாற் செய்யப்பட்டது என்பது முக்கியமாகின்றது.

இக்கலையின் தொன்மையைச் சுருக்கமாகக் கூறுவாம். கி.பி. 200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் உரோம ஆசிரியர், மசிதோனியர் அசுத்திரேயசு என்னும் ஆற்றிலே புள்ளியுடைய மீன்களைச் சிவந்த கம்பளி நூலும் சேவலின் இறகும் சுற்றிய முள்ளாற் பிடித்ததாக எழுதியுள்ளார். அவர்கள் கோலின் நீளம் ஆறடி. நூலின் நீளமும் அதுவே. இங்கிலாந்திலே 1496இல் அச்சேறிய தூண்டிற் புத்தகமொன்று பன்னிரு வகைப் பொய்யீக்களைக் கூறுகின்றது. 1653இல் ஐசாக் வால்ற்றன் வெளியிட்ட புகழ்பெற்ற புத்தகத்துக்கு, 1676இல் அவர் நண்பர் சாள்சு கொற்றன் பொய்யீத் தூண்டில் பற்றிய பகுதியொன்றை எழுதிச் சேர்த்தார். அந்நாளிற் குதிரைவால் மயிரைத் திரித்த நூலை நீண்ட கோலின் நுனியிற் கட்டியே தூண்டிலிட்டனர். பின்னர் எண்ணெயூட்டிய பட்டுநூல் வந்தது. அது நிறையுடையதாகையால் எறிவதற்கு உகந்தது. அதன் வரவோடு கோலுக்கும் வில்லின் பண்பு தேவையாயிற்று. தென்னமெரிக்கக் கயானாவிலிருந்து வந்த கிறீன்காட் என்னும் வன்மரம் சில காலம் அப்பணியைச் செய்தது. அது பாரமானது, முன்னறிவிப்பின்றி முறியும் குற்றமும் உடையது.

இனி மூங்கிலுக்கு வருவாம். மூங்கிற் குழாயின் குறுக்குவெட்டை உற்று நோக்கினால், வலிமைதரும் நார்கள் புறத்தோலையடுத்து நெருங்கியும் உட்புறஞ் செல்லச் செல்ல ஐதாகியும் இருத்தலைக் காணலாம். வளையும் கோல் ஒன்றில் மிகுந்த இழுவையும் நெருக்கமும் தாக்குவதும் அதன் புறப்பரப்பையே. ஆதலின் வலிய நாரைப் புறத்தே நிறுத்தி, வலியற்ற உட்பகுதியைச் சீவியெறிந்துவிட்டால் சிறந்த கோல் அமையும். இவ்வெண்ணத்தைச் செயற்படுத்திக் காட்டியோருள் ஒருவர், 1840களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் பிலிப்பி என்பவர். மூங்கிலை நீளவாட்டிற் பிளந்து, ஒவ்வொரு கீற்றையும் சமபக்க முக்கோண வெட்டுமுகம் உடையதாகச் சீவி, ஆறு கீற்றுக்களைப் புறத்தோல் வெளியே இருக்க ஒன்றாக ஒட்டினால், திண்மையான அறுகோணக் கோல் ஒன்று கிடைக்கும். அறுபது பாகைக் கோணங்கள் ஆறு சேர்ந்து ஒரு முழு வட்டமாகின்றன. கேத்திரகணிதம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1870களில் ஐராம் லெனாட் என்பவர் இத்தொழிலைப் பட்டறையில் விரிவாக நடத்தத் தொடங்கினார். இங்கிலாந்தின் வடக்கே அல்ன்விக் நகரிலே 1872இல் நிறுவப்பட்ட ஆடி நிறுவனத்தார் செய்த கோல்கள் பிரித்தானியப் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் சென்றன.

ஒரு கோல் உருவாகும் வகையை இங்கே சற்று விரித்துரைத்தல் தகும். நன்கு உலர்ந்த மூங்கிலைப் பிளந்தபின் கணுக்கள் ஒன்றற்கொன்று நேரே வாராதவாறு கீற்றுக்களை மாற்றி அடுக்குவர். கணு வலிமை குன்றிய இடமாதலின் ஆறும் ஓரிடத்தே சேரலாகாது. கணுக்களை வெம்மையூட்டி நிமிர்த்துவர். கீற்றுக்களைச் சூட்டிற் பதப்படுத்தி ஈரத்தை அகற்றுவர். பின் உருக்கு அச்சின் பள்ளத்தில் ஒவ்வொன்றையும் கிடத்திச் சீவுளியாற் சீவுவர். அடியிலிருந்து நுனிவரை எவ்விடத்தில் எவ்வளவு பருமன் இருக்கவேண்டும் என்பது அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூறு வரை கணிக்கப்படும். இந்தக் கூம்பலின் அமைப்பே கோலின் குணத்தை நிருணயிக்கின்றது. அமெரிக்கப் பொறியியலாளரான எவரெற் கரிசன், ஒரு பாலத்தின் தூலத்தைக் கணிப்பதுபோலக் கோலின் ஒவ்வோர் ஐந்தங்குல இடைவெளியிலும் தாக்கும் தகைப்பைக் கணித்துக் கோல் செய்தார். அவர் முறையை விளக்கும் புத்தகம் 1977இல் வெளிவந்தது. பழைய காலத்தில் வச்சிரப் பசையும் பின்னர்ச் செயற்கைப் பிசின்களும் ஒட்டுவதற்குப் பயன்பட்டன. ஒட்டியபின் பட்டிழையால் வளையங்களைக் கட்டி, வானிஷ் பூசித் தக்கையாற் கைப்பிடி அமைப்பர். ஒரு கோலுக்குப் பல நாள் உழைப்பு வேண்டும்.

மூங்கில் வந்த வரலாறும் சுவையுடையது. தொடக்கத்திற் பயன்பட்டது இந்தியாவிலிருந்து சென்ற ‘கல்கத்தா மூங்கில்’. பின்னர்ச் சீனத்தின் குவாங்டொங் மாகாண மலைச்சாரல்களில் வளரும் ஓரினம் அதனை வென்றது. நேரிய தண்டும் நெருங்கிய நாரும் உடைய இவ்வினத்தை வணிகர் ‘டொங்கின் மூங்கில்’ என்றனர். டொங்கினோ வியட்நாமின் வடபகுதி. தாவரவியலார் மக்குளூர் 1931இல் இதற்கு இட்ட இலத்தீன் பெயரில் ‘அழகியது’, ‘அன்புக்குரியது’ எனப் பொருள்படும் சொல் அமைந்திருக்கின்றது. தாவரவியற் பெயர்களில் இத்துணை நெகிழ்ச்சி அரிதே.

இவ்வாறிருக்க, 1950இல் கொரியப் போரையொட்டி அமெரிக்க அரசாங்கம் சீனப் பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அத்தடையால் அமெரிக்கப் பட்டறைகளுக்கு மூங்கில் கிடைப்பது அரிதாயிற்று. அதற்குச் சற்று முன்னரே, 1940களின் பிற்பகுதியிற் கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்துச் செய்த கோல்கள் சந்தைக்கு வந்திருந்தன. அரசியலின் தடையும் ஆய்வுகூடத்தின் ஆக்கமும் ஒருங்கு சேரவே, சில ஆண்டுகளில் மூங்கிற் கோல் பின்தள்ளப்பட்டது. கண்ணாடி நார்க் கோலை இன்று பலர் ஏளனமாகப் பேசுவர். அதனோடு யான் உடன்படேன். விலையால் வசதியுள்ளோர் கையிலேயே பெரிதும் தங்கியிருந்த ஒரு பொழுதுபோக்கைத் தொழிலாளிக்கும் பள்ளி மாணவனுக்கும் எட்டச் செய்தது அதுவே. ஈரத்தால் உளுக்காமலும், வெயிலில் வளையாமலும், தவறி மிதித்தாலும் பெரும்பாலும் பிழைத்தும் நின்ற கோல் அது.

காபன் நாரின் வரலாறு ஆகாய விமானத்தோடு தொடர்புடையது. 1960களின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பாண்பரோவிலுள்ள அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் வலிய காபன் நாரை ஆக்கும் முறை வகுக்கப்பட்டது. 1973இல் அமெரிக்காவின் பென்விக் நிறுவனத்தார் அந்நாராற் செய்த பொய்யீக் கோலை விற்பனைக்குக் கொணர்ந்தனர். பிசினூட்டிய நார்த்தாளை மெல்லிய உருக்குக் கம்பியின்மேற் சுற்றி, நாடாவால் இறுகக் கட்டிச் சூளையிலிட்டு இறுகச் செய்தபின் கம்பியை உருவிவிட்டால், சுவர் மெலிந்த உட்டுளையுள்ள குழாய் எஞ்சும். காபன் நாரின் விறைப்புக் கண்ணாடி நாரினதைப்போல ஏறக்குறைய மும்மடங்கு. அடர்த்தியோ அதனிற் குறைவு. எட்டடி நீளமான மூங்கிற் கோல் நான்கு அவுன்சுக்கு மேல் நிறுக்க, ஒன்பதடிக் காபன் கோல் மூன்று அவுன்சு அளவில் அமைந்துவிடுகின்றது. வளைத்து விட்டதும் அது விரைந்து நிமிர்ந்து, அதிர்வின்றி அடங்கிவிடும். மூங்கிலோ தன் நிறையையே சுமந்து நிமிர வேண்டியிருத்தலின் மெல்ல நிமிரும். அதனாலேயே மூங்கிற் கோல்கள் எட்டரை அடிக்கு மேற் பெரும்பாலும் நீள்வதில்லை. நீண்டால் நுனி கனத்துக் கை சோரும்.

கோல்களை ஒப்பிடுமுன் எறிநூலின் இலக்க முறையையும் கூறவேண்டும். பட்டுநூல் ஒன்றே இருந்த காலத்தில் நூலை அதன் பருமனைக் குறிக்கும் எழுத்துக்களால் வழங்கினர். நைலோனும் பிளாத்திக்குப் பூச்சும் வந்தபின் ஒரே பருமனுள்ள நூல்கள் வெவ்வேறு நிறையுடையனவாயின, எழுத்துமுறை பொருளற்றுப்போயிற்று. எனவே 1960களின் தொடக்கத்தில் நூலின் முதல் முப்பதடி நிறையைக் கிறெயினில் அளந்து இலக்கமிடும் வழக்கம் வந்தது. ஐந்தாம் இலக்க நூலின் முப்பதடி 140 கிறெயின், அஃதாவது ஏறக்குறைய 9 கிராம். கோலிலும் அதற்குரிய நூலின் இலக்கம் பொறிக்கப்படும். பலர் கோலைக் குறைகூறும் இடங்களில் உண்மையான குற்றம் பொருந்தாத நூலிலேயே இருப்பதுண்டு. விரைந்த காபன் கோலுக்குரிய நூல் முப்பதடி வெளியே சென்றபின்னரே அக்கோலை நன்கு வளைக்கும். பத்தடி, பதினைந்தடித் தூரத்தில் அது வெறுங் கம்புபோல விறைத்து நிற்க, கை எதனையும் உணராது. மூங்கிற் கோலோ தன் நிறையாலேயே ஓரளவு வளைதலின் அச்சிறு தூரத்திலும் உயிர்பெற்று அசையும்.

மலைநாட்டிற் கற்பித்த சில ஆண்டுகளில் இரண்டு கோல்களையும் கையாளும் வாய்ப்பு எனக்கு நண்பர் ஒருவராற் கிடைத்தது. காபன் கோலால் எறிந்தபோது கண் நூலையே நோக்கியிருந்தது. மூங்கிற் கோலால் எறிந்தபோது பின்னே நூல் விரிந்து முடிந்ததைத் திரும்பிப் பாராமலே உள்ளங்கை அறிந்தது. இக்காத்திருப்பை உணர்தலே இக்கலையின் இன்பம் என்று கொண்டால், அவ்வின்பத்தை மிகுதியாகத் தருவது மெல்லிய கோலென்றே கூறுவேன். ஆயினும் அன்று பிற்பகலிற் காற்றெழுந்தபோது மூங்கிற் கோல் கைக்கு உதவவில்லை. அகன்ற வளையமாகச் சென்ற நூலைக் காற்று மடக்கி எம்மிடமே திருப்பி அனுப்பியது. இறுகிய சிறு வளையத்தைக் காற்றைக் கிழித்துச் செலுத்தும் ஆற்றல் காபன் கோலுக்கே உரியது.

நம் நாட்டில் இம்முறைக்கு இடமுண்டோ என வினவுவோர்க்கு ஒரு சொல். ட்ரவுட் இலங்கைக்கு உரிய மீனன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே பிரித்தானியத் தோட்டத்துரைமார் அதன் முட்டைகளைக் கப்பலில் வருவித்து நுவரெலியாப் பகுதி ஓடைகளில் விட்டனர். பின்னர் வந்த வானவில் ட்ரவுட் என்னும் இனம் ஓட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் நிலைபெற்றது. அந்நிய மீனால் அவ்வோடைகளுக்கே உரிய சிறு கூனி இறாலினத்துக்குக் கேடுண்டென உயிரியலார் கவலை தெரிவித்துள்ளனர், அக்கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. கோலைப் பொறுத்தவரை, புல்வெளியிடையே வளைந்து செல்லும் ஒடுங்கிய ஓடை மூங்கிலின் இயல்புக்கு ஏற்றது. காற்றடிக்கும் மலைநாட்டு ஏரிகளோ காபனை வேண்டுவன.

உயிரை வருத்தும் செயலை இன்பம் என்றல் தகுமோ என்னும் ஐயம் நமது வாசகர் பலருக்கு எழும். அமெரிக்கரான லீ உல்வ் 1939இலேயே பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுதல் வேண்டுமென வற்புறுத்தினார். செதிளில்லாத முள்ளைக் கொண்டு பிடித்து, நனைத்த கையால் விடுவித்து அனுப்பும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. இதனால் ஐயம் முற்றும் தீர்ந்ததென்று யான் கூறேன். ஆனால் புற்றரையிலே முள் நீக்கிய கம்பளி முடிச்சைக் கட்டி எறிந்து பயில்வோரும், அதிலே போட்டியிடுவோரும் உளர். எறிதலின் இன்பத்துக்கு மீன் இன்றியமையாததன்று என்பதற்கு அவர்களே சான்று.

இனிக் கோலைத் தெரிதல் பற்றிக் கூறுவாம். விற்பனையாளர் விரைவையே புகழ்வர். ஆண்டுதோறும் முன்னையதிலும் விறைத்த கோல் வந்துகொண்டிருக்கும். தொண்ணூறு அடி எறிய வல்லது என்பது விளம்பரத்துக்கு உகந்த செய்தி. சிற்றாற்றில் ட்ரவுட் பிடிப்போரின் எறிதல்களோ பெரும்பாலும் முப்பது, நாற்பது அடிக்குள் முடிந்துவிடுகின்றன. அன்றியும் மீன் பாயும்போது மெல்லிய தங்கூசி அறாமற் காப்பது கோல் நுனியின் நெகிழ்ச்சியே. மறுபுறம், மூங்கிற் கோலைப் பழைமையின் பெருமைக்காக வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைப்போரும் உளர். அது வீணை வாங்கிச் சுவரில் தொங்கவிடுதலை ஒக்கும். புதிதாகக் கற்பவன் எட்டரை அல்லது ஒன்பதடி நீளமான, நடுத்தர விரைவுள்ள காபன் கோலை வாங்குதல் நன்று. விலை குறைவு, பிழை பொறுக்கும், நீண்டிருத்தலால் ஓட்டத்தின் குறுக்கே கிடக்கும் நூலை உயர்த்தித் திருத்தவும் உதவும். எறியும் ஒழுங்கு கைவந்தபின், சிற்றோடைகளே அவன் செல்லும் இடமாயின், மூங்கிலையோ நெகிழ்ந்த கண்ணாடி நாரையோ நாடலாம்.

காபன் மின்னைக் கடத்தும். மின்கம்பிக்கு அருகிலும், இடி முழங்கும் வேளையிலும் அக்கோலை உயர்த்துதல் உயிருக்கு ஆபத்து. பாரமான பொய்யீயோ கல்லோ பட்டு அதன் மெல்லிய சுவரில் விழும் சிறு காயம் கண்ணுக்குத் தெரியாமலிருந்து, பின்னொரு நாள் கோலைத் துண்டாக்கும். மூங்கிற் கோலுக்குப் பகை ஈரம். நனைந்த கோலைத் துடைத்து உலர்த்தாமல் உறையிலிட்டு மூடினால் வானிஷ் கெட்டுப் பசை விடும்.

பழைய மூங்கிற் கோல் ஒன்று விலைக்கு வருமாயின், அதனைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாட்டில் நோக்குக. வளைந்து நிலைத்த கோல் மீள நிமிர்வது அரிது. கீற்றுக்கள் பொருந்தும் கோடுகளில் நகத்தை ஓட்டிப் பிளவுண்டோ எனப் பார்க்க. துண்டுகளை இணைக்கும் உலோகப் பூண் ஆடுகின்றதோ எனச் செவியருகே வைத்து அசைத்து அறிக. ஈற்றில் எல்லாத் துண்டுகளையும் அருகருகே வைத்து நீளத்தை அளக்க. நுனித்துண்டு மட்டும் ஓரிரண்டு அங்குலம் குறுகியிருந்தால், அது முன்னொரு காலத்தில் முறிந்து, முறிந்த இடத்திலேயே நுனிவளையம் மீளக் கட்டப்பட்டதெனக் கொண்டு விலையைக் குறைத்துக் கேட்கலாம்.